பன்னிரண்டு கிலோமீட்டரில் பதினோரு எண்கள்

எங்கள் ஊரிலிருந்து கோவில்பட்டி பன்னிரண்டு கிலோமீட்டர். ஊர் மேற்கே, டவுன் கிழக்கே. ஆகவே காலையில் வேலைக்குப் போகும்போதும் வெயில் என் முகத்தில்தான். சாயங்காலம் திரும்பும்போதும் வெயில் என் முகத்தில்தான். பத்து வருஷமாக ஒரே ஸ்கூட்டியில் இப்படிப் போய்வந்து, கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, நெற்றியில் மூன்று கோடு விழுந்துவிட்டது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள் ஒரு கூலிங்கிளாஸ் வாங்கிப் போடக்கூடாதா என்று கேட்பார்கள். போட்டும் பார்த்தேன். ரோடே வேறு யாருடையதோ ஆகிவிட்டது. கழற்றி உள்ளே வைத்துவிட்டேன்.

அந்த ரோட்டில்தான் எங்கள் ஊர்க்காரர்கள் பதினோரு பேருடைய ரகசிய எண்களை வைத்திருந்தேன்.

எழுதி வைக்கவில்லை. எழுதினால் எவனாவது படித்துவிடுவான். ஊரை விட்டு இறங்கியதும் வருகிற சின்னப் பாலத்தில் ஒன்று, அதைத் தாண்டி ஒற்றையாக நிற்கிற உடைமரத்தில் ஒன்று, பூட்டிக் கிடக்கும் தீப்பெட்டி ஆபீஸ் சுவரில் ஒன்று, முதல் காற்றாலையில் ஒன்று, எப்போதும் சுற்றாமல் நிற்கும் இரண்டாவது காற்றாலையில் ஒன்று என்று ஒவ்வொரு எண்ணையும் ஓர் இடத்தில் மனதால் வைத்துவிட்டிருந்தேன். வண்டி போகப் போக அதது அதனதன் இடத்தில் நிற்கும். நானும் பார்த்துக்கொண்டே போவேன். புரட்டாசியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்துக் கிடக்கிற காடு இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடக்கும். தூரத்தில் ரோட்டின் மேல் கானல் தண்ணீராக மின்னும். அந்தத் தண்ணீரை எட்டுவதற்குள் அடுத்த எண் வந்துவிடும். பாதித் தூக்கம் மாதிரி இருக்கும் அந்தப் பயணம். விழித்துக்கொண்டேதான் ஓட்டுவேன், பயப்பட வேண்டாம்.

பணம் எடுக்கும் மெஷின் எங்கள் ஊரில் கிடையாது. மெயின் ரோட்டில் ஒன்று உண்டு. அதன் ஷட்டர் திறந்திருந்தால் உள்ளே பணம் இருக்காது, பணம் இருக்கிற அன்று ஷட்டர் திறக்காது. இதெல்லாம் தெரிந்துதான் முதன்முதலில் மதினி தன் கார்டை என்னிடம் தந்தார்.

மதினி என்றால் உறவில்லை. எதிர்வீடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆடு வளர்க்கிறவர். சாதி வேறு, சாமி வேறு. நான் சி.எஸ்.ஐ. சபை, அவர் தைப் பொங்கலுக்கு ஆட்டுப்பட்டியில் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறவர். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாள் அடுப்பு பற்றவில்லை என்று நான் அழுதுகொண்டிருந்தபோது கையில் எரிகிற விறகோடு உள்ளே வந்தவர். அன்றிலிருந்து மதினி. கணவர் இறந்து பல வருஷம். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துகொண்டு மாதாமாதம் கணக்கில் பணம் போட்டுவிடுவான்.

“பிள்ள, முட்டு மடக்க முடியல. பஸ் ஏறி எறங்குனா ஒரு பகல் போயிருது. ஆடு பட்டியிலயே கெடந்து கத்துது. நீ தெனம் போறவதான? எடுத்துட்டு வந்துரு” என்றார்.

எண் வைப்பதற்காக ஒரே ஒரு முறை என்னோடு மெஷின் வரை வந்தார்.

“நாலு நம்பர் போடணுமாம் மதினி. மறக்காத நம்பரா ஒண்ணு சொல்லுங்க.”

“மாட்டுக் காதுல மஞ்சக் கம்மல் மாட்டி விட்டிருக்கானுவல்லா, அதுல கடைசி நாலு.”

அப்போது அவரிடம் ஆடுகளோடு ஒரு பசுவும் இருந்தது. கால்நடை ஆஸ்பத்திரிக்காரர்கள் அதன் காதில் மாட்டியிருந்த மஞ்சள் வில்லையைத்தான் கம்மல் என்கிறார். தினமும் பால் கறக்கும்போது கண்ணுக்கு நேரே ஆடுகிற எண். அது எப்படி மறக்கும்? பிறகு தீவனம் கட்டுப்படியாகாமல் மாட்டை விற்றுவிட்டார். விற்ற அன்று சாயங்காலம் வாசலில் வந்து நின்றார்.

“மாடு போயிட்டு. நம்பரும் அது காதோட போயிட்டு. நீ வச்சிருக்கியாட்டி?”

“வச்சிருக்கேன் மதினி.”

அப்படிச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அந்த எண்ணைத்தான் முதல் பாலத்தில் வைத்திருந்தேன். பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் மாடும் அங்கே நின்று தலையை ஆட்டும்.

மதினியைப் பார்த்து மற்றவர்களும் தந்தார்கள். சிலர் கார்டின் முதுகில் பிளாஸ்திரி ஒட்டி, அதன் மேலேயே எண்ணை எழுதித் தந்தார்கள். திருடனுக்குச் சிரமம் வைக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர்கள் எதிரிலேயே நகத்தால் சுரண்டிப் பிய்த்துப் போடுவேன். ஒருவருக்கு விற்றுப்போன காட்டின் சர்வே நம்பர். ஒருவருக்கு அப்பா இறந்த தேதி. கடைசித் தெருவில் இருக்கிற பட்டாளத்துக்காரருக்குத் தன் பழைய பட்டாள எண்ணின் வால். நீயே ஒன்று வைத்துக்கொள் என்று சொன்ன ஒருவருக்கு நான் பைபிள் சங்கீதம் ஒன்றின் அதிகாரத்தையும் வசனத்தையும் சேர்த்து எண்ணாக வைத்துவிட்டேன். அவருக்கு அது இன்றுவரை தெரியாது. எந்த எண்ணையும் இங்கே சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். அப்படிச் சொல்கிறவளாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

பதினொன்றில் இரண்டு கிரெடிட் கார்டு. வங்கியில் யாரோ ஒரு பையன் கும்பிட்டுக் கேட்டான் என்று கையெழுத்துப் போட்டு வாங்கினவை. அதற்கும் மற்றக் கார்டுக்கும் வித்தியாசம் கொடுத்தவர்களுக்கும் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது. அதிலும் ஒரு தடவை மெஷினில் பணத்தை எடுத்துத் தொலைத்து, வட்டி போட்டுவிட்டார்கள் என்று வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கூத்து.

கார்டுகள் எல்லாம் என் பைபிள் உறையில் இருக்கும். ஜிப் வைத்த கறுப்பு உறை, கல்யாணத்துக்குச் சபையில் கொடுத்தது. மதினி மட்டும், “எது நல்ல பக்கமோ அதுல வையி” என்று கேட்டுக்கொண்டதால் அவர் கார்டு சங்கீதத்துக்கு நடுவில். ஜிப்பை இழுத்தால் உறை வயிறு புடைத்து நிற்கும். அதை ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டால் போதும், கர்த்தரும் பூட்டும் சேர்ந்து பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

டவுனில் எத்தனையோ மெஷின் உண்டு. நான் போவது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த ஒன்றுக்குத்தான். காரணம் வெட்கக்கேடு. அதில் மட்டும்தான் ஏசி ஓடும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெயிலில் நடந்துபோய்க் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தால் கழுத்து வேர்வை அப்படியே குளிரும். கார்டைச் செருகிவிட்டுக் கண்ணை மூடுவேன். மூடினால் ரோடு வரும். பாலம், உடைமரம், தீப்பெட்டி ஆபீஸ். வேண்டிய எண்ணை அதன் இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு கண்ணைத் திறப்பேன். வெளியே நிற்கிறவர்கள் நான் ஜெபம் பண்ணுவதாக நினைத்திருப்பார்கள்.

போன புரட்டாசியில் ஒரு நாள் சாயங்காலம் ஊருக்குள் நுழையும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. டீக்கடை முன்னால் ஒரு கூட்டம். எல்லோர் கையிலும் ஒரே மாதிரி வெள்ளைக் கவர். அன்று தபால்காரர் ஒரே நாளில் பதினோரு கவர் கொண்டுவந்து, பதினோரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருந்தார். எல்லாம் வங்கியிலிருந்து. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புதுக் கார்டு. யாரும் கேட்டு எழுதவில்லை.

“கேக்காம குடுக்கவன்ட்ட எதையும் வாங்கப்படாது. இது திருட்டுக் கார்டு. யாரும் தொடாதீங்க” என்று பட்டாளத்துக்காரர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் போன வருஷம் ஒரு போன் வந்து, மூன்று நிமிஷம் மரியாதையாகப் பேசி, சேமிப்பில் பாதியைத் துடைத்துக்கொண்டு போயிருந்தது. அதிலிருந்து மரியாதையாகப் பேசுகிற யாரையும் அவர் நம்புவதில்லை.

கவரில் கடிதமும் இருந்தது. “அவ வந்துட்டா, அவ வாசிக்கட்டும்” என்று என் கையில் தந்தார்கள். ஸ்கூட்டியை விட்டு இறங்காமலே சத்தமாக வாசித்தேன். உங்கள் கார்டின் விவரங்கள் பிறர் கைக்குப் போயிருக்கக்கூடும் என்று சந்தேகம் வந்திருப்பதால், முன்னெச்சரிக்கையாகப் பழைய கார்டை நிறுத்திவிட்டுப் புதிய கார்டு அனுப்பியிருக்கிறோம். புதிய எண்ணை நீங்களே அமைத்துக்கொள்ளவும். அதை நெருங்கியவர்கள் உட்பட யாரிடமும் சொல்லக்கூடாது.

கடைசி வரியில் என் குரல் இறங்கிவிட்டது. நிமிர்ந்தபோது யாரும் கடிதத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் அதே வங்கியில் கணக்கு வைத்திருக்கிற வீடு நாற்பதாவது இருக்கும். கவர் வந்தது பதினொன்றுக்கு. அந்தப் பதினோரு பழைய கார்டும் அந்த நிமிஷம் என் சீட்டுக்கு அடியில், பைபிள் உறைக்குள் இருந்தன.

“ஒனக்கு வரலியா?” என்று யாரோ கேட்டார்கள்.

“எனக்குக் கார்டே கெடையாதே. சம்பளம் கையிலல்லா தாறாரு மொதலாளி.”

உண்மைதான் சொன்னேன். ஆனால் அந்த உண்மை அந்த நேரத்தில் வாயிலிருந்து வந்து விழுந்த விதம் எனக்கே பிடிக்கவில்லை. பனைமரத்தின் கீழ் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். நான் பத்து வருஷமாகப் பனைமரத்தின் கீழேயே குடியிருந்திருக்கிறேன்.

யாரும் என்னைத் திருடி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லி ஆற்றியிருப்பேன். மறுநாளிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். உட்கார்ந்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், எழுந்து போகிற நேரத்தில், “அந்தப் பழைய கார்டு... சும்மா, வீட்ல கெடக்கட்டும்னு பாக்கேன்” என்றார்கள். செத்துப்போன கார்டை வாங்கிக்கொண்டு போய் என்ன செய்வார்களோ. ஜிப்பைத் திறந்து எடுத்து எடுத்துக் கொடுத்தேன். புதுக் கார்டை ஒருவர் அரிசி டிரம்முக்குள் புதைத்தார். ஒருவர் பழசை வெட்டுகிறேன் என்று புதுசை நாலாக வெட்டிப் போட்டார். எல்லாம் என் காதுக்கு வந்தது. அன்று மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதினி வரவில்லை. அவர் கார்டு மட்டும் சங்கீதத்துக்கு நடுவில் இருந்தது. அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். அவர் வராமல் இருந்தால் போதும், ஊர் எப்படியும் போகட்டும் என்று தெம்பாக இருந்தேன்.

நாலாம் நாள் காலை நான் ஸ்கூட்டியை எடுக்கும்போது வந்தார். கையில் ஆட்டுக்கு ஒடித்த வேப்பங்குழை. என் முகத்தைப் பார்க்காமல் குழையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஏட்டி, கோவிச்சுக்கிடாத. எம் நம்பர யாருட்டயும் சொன்னியா?”

இல்லை என்று ஒரு வார்த்தை. மூன்றெழுத்து. அதைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என் வாய் கொழுப்பு என்னை விடவில்லை.

“ஆமா, சொன்னேன். போறவன் வாறவன் எல்லார்ட்டயும் சொன்னேன். மைக் வச்சுச் சொன்னேன். போதுமா?”

பைபிளைத் திறந்து கார்டை எடுத்து அவர் கையில், குழைக்கு மேலேயே வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அதுவும் உடனே கிளம்பவில்லை. மூன்று உதை. அந்த மூன்று உதை நேரமும் மதினி அசையாமல் நின்றார். பாலத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. மாடு அங்கே நின்றது. தலையை ஆட்டவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எதிரெதிர் வீட்டில் பேசாமல் இருப்பது எவ்வளவு வேலை என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் கோலம் போட வரும்போது நான் உள்ளே போக வேண்டும். நான் குப்பை கொட்ட வரும்போது அவர் ஆட்டைப் பார்க்க வேண்டும். பைபிள் உறை இளைத்துப்போய் ஜிப் சுலபமாக மூடியது. ரோட்டில் மட்டும் எண்கள் போகவில்லை. இனி எந்த மெஷினும் அவற்றை ஏற்காது. ஆனாலும் பாலத்தில், மரத்தில், சுவரில் நின்றுகொண்டிருந்தன, பஸ் நிற்காத ஸ்டாப்பில் காத்திருக்கிற ஆட்களாக. மழை இன்னும் வரவில்லை. வெயில் வெள்ளையாக இருந்தது. சில நாள் கடைக்கு வந்துசேர்ந்த பிறகு, எப்படி வந்தேன் என்றே எனக்கு நினைவிருக்காது.

கடையில் கூட்டமில்லாத மத்தியானங்களில், கண் பரிசோதனைப் பலகைக்கு எதிரில் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து கண் அசந்துவிடுவேன். ஒருநாள் அந்தப் பலகையில் எழுத்துக்குப் பதில் எண்கள் தெரிந்தன. மேலே பெரிதாக, கீழே போகப் போகச் சின்னதாக. கடைசி வரி யாருக்கும் தெரியாத வரி. மதினி பக்கத்தில் நின்று ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, “எனக்குத் தெரியுதுட்டி, ஒனக்குத் தெரியுதா?” என்று கேட்டார். விழித்தபோது ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே வங்கிக்குப் போனேன்.

அங்கே ஒரு சின்னப் பெண், அதிகாரி. ஊர்ப் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

“பஸ் ஸ்டாண்டு மெஷின்ல யாரோ கார்டு விவரத்தத் திருடுற கருவிய ஒட்டி வச்சிருந்தாங்கக்கா. நல்லவேளை, சீக்கிரமே கண்டுபிடிச்சு எடுத்தாச்சு. அந்த நாள்கள்ல அதுல போட்ட கார்டு அத்தனையும் மாத்திட்டோம். யாருக்கும் பணம் போகல. ஆனா ஒரே கிராமத்துல பதினோரு கார்டுன்னு லிஸ்ட்ல பாத்தப்ப எங்களுக்கே ஆச்சரியம். ஏன்க்கா, ஊர்ல எல்லாரும் சேர்ந்தா வருவீங்க?”

“இல்ல. நான்தான் எடுத்துக் குடுப்பேன்.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அடுத்தவர் கார்டை வைத்திருப்பதும் எண்ணைத் தெரிந்து வைத்திருப்பதும் எவ்வளவு பெரிய தப்பு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். நான் கோபப்படவில்லை. அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. டவுனில் இத்தனை மெஷின் இருக்க, வேர்வை ஆறுவதற்காக நான் அந்த ஒன்றுக்குப் போனேன். பதினோரு வீட்டுக்கும் கவர் வந்தது என்னால்தான். நான் திருடவில்லை. ஆனால் கொண்டுபோய்ச் செருகியது என் கை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டீக்கடையில் சொன்னார். இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. “நாங்க என்ன ஒன்னயா சொன்னோம்?” என்று வழியில் நிறுத்திச் சிரித்தார்கள். கார்டு திரும்பி வரவில்லை. வந்திருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். பட்டாளத்துக்காரர் வாரத்துக்கு ஒருமுறை நாலு பேரைத் தன் பழைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் வந்தார். அவரவர் எண்ணை அவரவர் அழுத்தினார்கள். அதுதான் சரி.

மதினி மட்டும் அந்த ஜீப்பில் ஏறவில்லை. புது எண் வைக்காமல் அவர் கார்டு கவரிலேயே கிடந்தது. மகன் போடுகிற பணம் கணக்கில் சேர்ந்துகொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு சனிக்கிழமை காலையில் ஆட்டு வியாபாரி தன் வண்டியில் மதினியின் கிடாக்குட்டி ஒன்றைக் குறுக்கே போட்டுக் கட்டிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ள குட்டி. அடுத்த கோயில் கொடைக்கென்று வளர்த்தது. அடுத்த சனிக்கிழமை இன்னொன்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குப் பதிலாக மதினி ஆட்டை விற்றுச் சாப்பிடுகிறார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை குட்டி போனால் என் ரோஷம் தீரும் என்று எனக்கே தெரியவில்லை. என்னை நானே வெறுத்த நாள்கள் அவை.

ஐப்பசி பிறந்து பத்தாம் நாள் மழை வந்தது. இரவெல்லாம் பெய்து விடியும்போது விட்டிருந்தது. கரிசல் ஈரம் பட்டால் என்ன செய்யும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். காலை வைத்தால் காலோடு காடே எழுந்து வரும். தெருமுனை வரை சிமெண்டு. அதற்கு அப்புறம் தார் ரோடு ஏறுகிற வரை மண். அந்த மண்ணில் இருபதடி போவதற்குள் ஸ்கூட்டிச் சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் நடுவில் சேறு அடைத்துக்கொண்டது. சக்கரம் சுற்றாது, தள்ளினாலும் வராது. “இந்தப் பழசப் போட்டுட்டுப் பொங்கலுக்கு எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுப்போம்ங்கேன், கேக்கியா?” என்று அன்று காலையும் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். நடு மண்ணில் நின்றுகொண்டு அவர் சொன்னது சரிதான் என்று நினைத்தேன்.

பின்னால் ஆட்டுச் சத்தம் கேட்டது. மதினி ஆடுகளை மேட்டுப் பக்கம் விரட்டிவிட்டு, கையில் கம்போடு இறங்கி வந்தார்.

“வண்டிய அசையாமப் பிடி” என்றார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்கிற முதல் வார்த்தை. பிடித்தேன். குனிந்து கம்பு நுனியால் சேற்றைக் குத்திக் குத்தி எடுத்தார். முன் சக்கரம், பிறகு பின் சக்கரம். முட்டு வலியோடு குந்தியிருக்கிறார் என்று தெரிந்தும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகும் எழுந்திருக்காமல், பின்னால் நம்பர் பிளேட்டில் அப்பியிருந்த சேற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். அதை எதற்கு இவ்வளவு நேரம் துடைக்கிறார் என்று நினைத்தேன்.

“என்னையும் ஏத்திக்கிடு. பேங்குக்குப் போணும்.”

“ஆடு?”

“இன்னிக்கு ஒரு நாளு ஒன் வீட்டுக்காரரு பாக்கட்டும். சும்மாத்தான இருக்காவ.”

ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். பாலத்தடியில் புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காடு முழுக்கக் கறுப்பாக, பளபளப்பாக, ஆவி விட்டுக்கொண்டிருந்தது. முதல் காற்றாலைப் பக்கம் வரும்போது காதருகே கேட்டார்.

“அன்னைக்கு ஏன்ட்டி சொன்னேன்னு சொன்ன?”

“கோவத்துல சொன்னேன் மதினி.”

“நீ சொல்லிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். மவன் போனுல தெனம் தெனம் கேக்கான், கேட்டியா கேட்டியான்னு. கேட்டுட்டேன்.” கொஞ்ச தூரம் போனோம். “கேட்டிருக்கப்படாது” என்றார்.

பஸ் ஸ்டாண்டு மெஷினைப் பற்றி, ஏசியைப் பற்றி, என் தப்பைப் பற்றி எல்லாவற்றையும் முன்பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஈரக்காற்று பாதியைக் கொண்டுபோயிருக்கும். சுற்றாத இரண்டாவது காற்றாலை அன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.

வங்கிக்குள்ளேயே இருக்கிற மெஷினில் நின்றோம். ஏசி இல்லை. மதினியின் பட்டன் போனுக்கு வந்த எண்ணை வாசித்துச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக அழுத்தினார். பஸ் நம்பரும் தராசு நம்பரும் படித்துப் பழகியவர், எண்ணில் தடுமாற மாட்டார். பிறகு மெஷின் புது எண்ணைக் கேட்டது.

“இனி அந்தப் பக்கம் திரும்பிக்கிடு” என்றார் மதினி.

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். சரியான காரியம்தான். ஆனாலும் வலித்தது. பத்து வருஷம் அவர் மாட்டின் எண்ணைச் சுமந்தவள் நான். முதுகுக்குப் பின்னால் நாலு சத்தம் கேட்டது. மறுபடியும் நாலு.

“என்ன நம்பர் மதினி வச்சீங்க?” என்று கேட்டுவிட்டேன், வாய் சும்மா இருக்காமல்.

“நெருங்குனவ உட்பட யாருட்டயும் சொல்லப்படாதுன்னு நீதான வாசிச்ச” என்று சிரித்தார்.

கார்த்திகையில் மறுபடியும் ஒரு நாள் என்னோடு வந்தார். அன்று நான் வங்கி வாசலில், உள்ளே பார்க்காமல் நின்றேன். மதினி கார்டைச் செருகிவிட்டு வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். பின்னால் வரிசை நீண்டது. திடீரென்று கார்டை உருவிக்கொண்டு வெளியே வந்தார்.

“இங்கனயே இரு, வாரேன்.”

படியிறங்கி, வெயிலில் நின்ற என் ஸ்கூட்டியின் பின்பக்கம் போனார். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து எங்கள் கடையில் வாங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். விரலை நம்பர் பிளேட்டின் மேல் வைத்து, உதடு அசைய, ஒவ்வோர் எண்ணாகத் தடவிப் படித்தார். ஒருமுறை படித்தது போதாமல் இன்னொருமுறை. பிறகு அதே உதட்டசைவோடு என்னைத் தாண்டி உள்ளே போனார்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். வண்டி நம்பரைவிட மோசமான ஒளிவிடம் உலகத்தில் இருக்க முடியாது. கோவில்பட்டி முழுக்க நான் தினமும் தூக்கிக் காட்டிக்கொண்டு போகிற எண். அந்தச் சின்ன அதிகாரிப் பெண்ணுக்குத் தெரிந்தால் பேனாவை இரண்டாவது முறை கீழே வைப்பாள். எனக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை. முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வெளியே வந்த மதினி என்னவென்று கேட்டார். வெயில் கண்ணைக் கூசுகிறது என்றேன். பார்த்தேன் என்று இதுவரை அவரிடம் சொல்லவில்லை.

பொங்கலுக்கு எக்ஸ்சேஞ்ச் வந்தது. வீட்டுக்காரர் புது வண்டிக்கு முன்பணம்கூடக் கட்டிவிட்டார். பழைய வண்டியைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். ஓட்டாத வண்டியை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று கத்தினார். நிற்கட்டும் என்றேன். காரணம் கேட்டார். அதையும் சொல்லவில்லை. இப்போது புது வண்டியில்தான் டவுனுக்குப் போகிறேன். பழையது எங்கள் வாசலில் நிற்கிறது. மதினி வீட்டுக் கதவைத் திறந்ததும் தெரிகிற மாதிரி, பின்பக்கத்தைத் தெருவுக்குத் திருப்பித்தான் நிறுத்தியிருக்கிறேன். சேறு தெறித்தால் துடைத்துவிடுகிறேன்.